மக்கள் தொடர்பு உத்தியோகமும் புதிய ஊடகங்களும்

கல்லூரிப் படிப்பை முடித்து வெளியேறும் நம் மாணவர்களுள் ஒரு சாரார் இந்நாளில் மக்கள் தொடர்பு என்னும் உத்தியோகத்தில் புகுகின்றனர். ஆஸ்பத்திரி, பாங்கு, ஜவுளிக்கடை, சினிமாக் கம்பெனி, அரசியற் கட்சி, சர்வகலாசாலை ஆகிய ஸ்தாபனங்கள் அனைத்திற்கும் தம்மைப்பற்றிப் பேசுவதற்கென ஒருவர் வேண்டியிருக்கின்றது. அவருடைய மேசைமீது முன்னாளில் தட்டெழுத்து யந்திரமும் டெலிபோனும் இருந்தன. இந்நாளில் கைப்பேசி ஒன்று இருக்கின்றது. கருவி மாறியதேயன்றித் தொழில் மாறவில்லை என்று பலர் எண்ணுகின்றனர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. அவர் நின்றிருந்த இடமே பெயர்ந்துவிட்டது. இதனை அவரை வேலைக்கு அமர்த்தும் முதலாளிகள் உணர்ந்தாலன்றி, நம் இளைஞர் படித்த படிப்பும் கற்ற மொழியும் பிறர் குற்றங்களுக்கு மெழுகு பூசுவதிலேயே செலவாகிவிடும் என அஞ்சுகின்றேன்.

பழைய முறை எத்தகையது என்பதை முதலில் நோக்குவோம். 1906-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 28-ம் தேதி, அமெரிக்காவில் அட்லாண்டிக் ஸிட்டி என்னும் கடற்கரைப் பட்டணத்தருகே மின்சார ரயில்வண்டியொன்று பாலத்தினின்று பிறழ்ந்து நீரில் வீழ்ந்தது. 53 பேர் மாண்டனர். விபத்து நேர்ந்தால் அதனை இயன்றவரை மறைப்பதும், பத்திரிகை நிருபர்களை அண்டவிடாது துரத்துவதும் அக்காலத்து ரயில்வேக் கம்பெனிகளின் வழக்கம். பென்ஸில்வேனியா ரயில்வேக் கம்பெனிக்கு அச்சமயம் ஆலோசகராயிருந்தவர் ஐவி லீ என்பவர். இவர் முன்னர் பத்திரிகை நிருபராயிருந்தவர். ஆதலின் மறைப்பதனால் வதந்தியே வளரும் என்பதை அறிந்திருந்தார். நடந்தது இன்னது என்பதைக் கம்பெனியே எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுக்குமாறு செய்ததுடன், நிருபர்களை விபத்து நேர்ந்த இடத்துக்கு அழைத்துச் செல்லத் தனி ரயிலும் ஏற்பாடு செய்வித்தார். கம்பெனி கொடுத்த குறிப்பை நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அப்படியே பிரசுரித்தது. இன்று செய்திக்குறிப்பு என வழங்கும் எழுத்துவகைக்கு இதுவே முதல்வித்து எனப் பலர் கூறுவர். அந்தக் குறிப்பைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அந்தத் தனி ரயிலே. எழுதிக் கொடுத்ததை நம்புங்கள் என்று சொல்லிவிட்டு நிற்காமல், வந்து கண்ணாற் காணுங்கள் என்று அழைத்தமையே அதன் சிறப்பு.

ஆயினும் அந்த ரயிலில் ஏறியவர்கள் நிருபர்களேயன்றிப் பொதுஜனங்களல்லர். பழைய முறையின் இலக்கணமே இதுதான். ஸ்தாபனத்துக்கும் ஜனங்களுக்கும் இடையே பத்திராதிபர் என்றொரு வாயில்காப்போன் இருந்தார். அவரை அறிந்து பழகுவதும், அவர் விரும்பும் வடிவில் செய்தியை எழுதிக் கொடுப்பதுமே தொடர்பு உத்தியோகஸ்தரின் திறமை. நம் நாட்டில் பி.ஆர்.ஓ. என்னும் மூன்றெழுத்தைப் பாமரரும் அறியச் செய்தது சினிமா. 1958-ம் ஆண்டில் வெளிவந்த 'நாடோடி மன்னன்' படத்தின் புகைப்படங்களையும் விவரங்களையும் பத்திரிகைகளுக்கு வழங்கும் பொறுப்பை ஏற்ற பிலிம் நியூஸ் ஆனந்தன் அவர்களே தமிழ்ச் சினிமாவின் முதல் மக்கள் தொடர்பு அலுவலர் எனப் பேர்பெற்றவர். தமிழ்ப்படங்களைப்பற்றி அவர் பல்லாண்டு சேகரித்து வைத்த படங்களும் குறிப்புகளும் ஒரு நூல்நிலையத்துக்கு ஒப்பானவை. கையில் உறையுடன் பத்திரிகாலயத்தின் படியேறும் அந்த மனிதரே பழைய முறையின் உருவம். அவருக்கு ஓர் இரவு அவகாசம் இருந்தது. மாலையில் நேர்ந்தது மறுநாட் காலையில்தான் ஜனங்களின் கண்ணிற் படும். அதற்குள் விசாரித்து அறியலாம், எழுதலாம், திருத்தலாம்.

அம்முறை தந்த மிக நல்ல பலன் எது என்று கேட்டால், 1982-ம் ஆண்டு சம்பவத்தையே கூறுவேன். அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில் சிகாகோ நகரைச் சுற்றிய பகுதியில், டைலினால் என்னும் வலிநிவாரண மாத்திரையை உண்ட 7 பேர் இறந்தனர். எவனோ ஒருவன் கடையிலிருந்த புட்டிகளில் ஸயனைட் விஷத்தைக் கலந்திருந்தான். குற்றம் ஜான்ஸன் அண்டு ஜான்ஸன் கம்பெனியினுடையதன்று. விஷம் தொழிற்சாலையிற் கலந்ததுமன்று. எனினும் அக்கம்பெனி நாடெங்கிலுமிருந்து ஏறக்குறைய 3 கோடியே 10 லட்சம் புட்டிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அவற்றின் விலை 10 கோடி டாலருக்கு மேற்பட்டது. பின்னர் எவரும் திறந்தால் வெளிப்படையாகத் தெரியும்படி முத்திரையிட்ட புட்டிகளிலேயே மருந்தை விற்கலாயிற்று. இதனை மக்கள் தொடர்புக்கு உதாரணமாக வகுப்பறைகளிற் கற்பிக்கின்றனர். கற்பிப்பவருட் பலர் கம்பெனியின் அறிக்கைகளையும் பேட்டிகளையும் எடுத்துக் காட்டுவர். ஜனங்களின் நம்பிக்கையை மீட்டது அறிக்கையா, கடைகளிலிருந்து எடுக்கப்பட்ட புட்டிகளா என்று மாணவர் கேட்கவேண்டும்.

நிற்க. புதிய ஊடகங்கள் வந்தபின் முதலிற் போனது அந்த ஓர் இரவு. 2009-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், அமெரிக்காவின் வட கரோலினாவிலுள்ள டாமினோஸ் பீட்ஸாக் கடையொன்றின் ஊழியர் இருவர், உணவை அருவருக்கத்தக்க முறையிற் கையாளுவதைத் தாமே படம்பிடித்து யூடியூபில் வெளியிட்டனர். இரண்டொரு நாளிற் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் பார்த்தனர். நாம் பதில் சொன்னால் அறியாதவரும் அறிவர், சும்மா இருந்தால் தானே அடங்கும் என்று கம்பெனியின் அதிகாரிகள் முதலிற் கருதினர். பத்திரிகை யுகத்தில் அது நல்ல யோசனையே. நேற்றைய பத்திரிகை இன்று பொட்டலம் கட்டப் போய்விடும். யூடியூபோ பொட்டலம் கட்ட உதவாது. முடிவில் கம்பெனியின் தலைவர் அதே யூடியூபில் தோன்றி மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

அவகாசம் குறைந்தது ஒரு மாறுதலே. அதனினும் பெரிய மாறுதல் ஒன்றுண்டு. அதனைச் சற்று விரித்துரைக்க விரும்புகின்றேன். 2017-ம் ஆண்டு ஏப்ரல் 9-ம் தேதி சிகாகோவிலிருந்து லூயிவில் நகருக்குப் புறப்படவிருந்த யுனைடெட் கம்பெனியின் விமானத்தில், கம்பெனி ஊழியர் நால்வருக்கு இடம் வேண்டியிருந்தது. முன்னமே அமர்ந்துவிட்ட பிரயாணிகளில் நால்வரை இறங்கச் சொன்னார்கள். ஒருவர் மறுத்தார், அவர் ஒரு வைத்தியர். விமான நிலையக் காவலர் வந்து, முகத்தில் இரத்தம் வழிய அவரை நடைபாதை வழியே இழுத்துச் சென்றனர். உடனிருந்த பிரயாணிகள் கைப்பேசியிற் படம்பிடித்தனர். உலகமெங்கும் ஜனங்கள் பார்த்தனர். மறுநாள் கம்பெனியின் தலைவர் ஆஸ்கர் முனோஸ் வெளியிட்ட அறிக்கை, பிரயாணிகளுக்கு வேறு ஏற்பாடு செய்ய நேரிட்டதற்காக வருந்துவதாகக் கூறிற்று. இழுத்துச் செல்லப்பட்டமைக்கு வேறு ஏற்பாடு என்பது எத்துணை அழகிய பெயர்! அஃதன்றி, அன்றே அவர் தம் ஊழியர்களுக்கு ஒரு கடிதமும் எழுதினார். அதிலே ஊழியர்கள் விதிப்படி நடந்ததாகப் பாராட்டி, அந்தப் பிரயாணியே முரட்டுத்தனமாக நடந்துகொண்டவர் என்று குறிப்பிட்டார். கடிதம் எழுதிய அன்றே அது வெளியாயிற்று. 11-ம் தேதி, எவரும் இவ்வாறு நடத்தப்படலாகாது என்று முழு மன்னிப்புக் கோரி மற்றோர் அறிக்கை வந்தது. மூன்று நாட்களில் மூன்று குரல்கள்.

அந்த நிகழ்ச்சியிற் பலர் கண்டது அறிக்கை எழுதியவரின் அசாமர்த்தியம். நான் காண்பது வேறு. ஸ்தாபனங்களுக்கு எக்காலத்திலும் இரண்டு நாக்குகள் இருந்தன: வீட்டிற்குள்ளே பேச ஒன்று, திண்ணையிற் பேச ஒன்று. இடையே ஒரு சுவர் இருந்தமையால் திண்ணையில் இருப்பவருக்கு உள்ளே பேசுவது கேட்பதில்லை. தொடர்பு உத்தியோகஸ்தர் திண்ணைப் பேச்சை மாத்திரம் கவனித்தாற் போதும். இன்று சுவர் இல்லை. ஊழியருக்கு எழுதும் சுற்றறிக்கை, வாட்ஸ்அப் குழுவில் மேலாளர் இடும் ஓர் ஏச்சு, வாடிக்கைக்காரரிடம் டெலிபோனில் ஒரு சிப்பந்தி பேசிய வார்த்தை ஆகிய எதுவும் திண்ணைக்கு வந்துவிடும். ஆகவே உள்ளே பேசுவதையும் வெளியே பேசுவதையும் ஒன்றாக்கினாலொழிய இந்த உத்தியோகம் நடவாது. அதனைச் செய்யத்தக்கவர் தொடர்பு உத்தியோகஸ்தர் அல்லர், அவருடைய எஜமானர். யுனைடெட் கம்பெனியின் சங்கதியிலும் இதுவே நிகழ்ந்தது. அதே மாதம் 27-ம் தேதி அக்கம்பெனி சில புதிய விதிகளை அறிவித்தது. பத்திரம், பாதுகாப்பு ஆகிய காரணங்களாலன்றி அமர்ந்த பிரயாணியைக் காவலரைக் கொண்டு இறக்குவதில்லை என்றும், இடத்தைத் தாமாக விட்டுக்கொடுப்போருக்கு 10,000 டாலர் வரை ஈடு கொடுக்கலாமென்றும் அவை கூறின. அந்த 10,000 டாலர் விதி 9-ம் தேதி இருந்திருந்தால் அறிக்கையே தேவைப்பட்டிராது.

இனி, ஸ்தாபனத்தின் குரல் ஸ்தாபனத்துக்கே சொந்தமா என்னும் கேள்வியும் எழுந்துள்ளது. இன்று எக்ஸ் எனப் பெயர் மாறியுள்ள ட்விட்டர், 2022-ம் ஆண்டு நவம்பரில், மெய்யான கணக்கு என்பதற்கு அடையாளமாயிருந்த நீலக் குறியை மாதம் 8 டாலருக்கு எவரும் பெறலாம் என்று ஆக்கியது. உடனே எவரோ ஒருவர் எலி லில்லி என்னும் மருந்துக் கம்பெனியின் பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கி, நீலக் குறியும் வாங்கி, இனி இன்சுலின் இலவசம் என்று ஒரு வரி எழுதிவிட்டார். நீரிழிவு நோயாளர் இன்சுலின் விலையால் வருந்தும் நாடு அது. பல மணிநேரம் அந்த வரி அங்கேயே இருந்தது. கம்பெனி தன் மெய்யான கணக்கில், போலிக் கணக்கொன்றின் செய்தியால் ஏமாந்தவர்களிடம் மன்னிப்புக் கோருவதாக எழுதிற்று. அந்தோ! அந்த மன்னிப்பின் பொருள் யாது? இன்சுலின் இலவசம் அன்று என்பதற்கு மன்னிப்பு. படித்த ஜனங்கள் போலியை மறந்து, மெய்யான விலையைப்பற்றி வினவத் தொடங்கினர். 2023-ம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் தேதி அக்கம்பெனி தன் இன்சுலின் வகைகளிற் சிலவற்றின் விலையை 70 சதவீதம் வரை குறைப்பதாக அறிவித்தது. போலி வரியே இதற்குக் காரணம் என்று கூறுவதற்கில்லை. விலையைக் குறைக்கும்படி அரசாங்கமும் நோயாளரும் நெடுநாளாக நெருக்கி வந்தனர். ஆயினும் எந்தத் திறமையான செய்திக்குறிப்பாலும் மறைக்கவியலாத ஒரு புண் அந்த ஸ்தாபனத்துக்கு இருந்தது என்பதும், அஃது எங்கே இருந்தது என்பதை ஒரு விஷமக்காரர் ஒரே வரியில் தொட்டுக் காட்டினார் என்பதும் உண்மை.

இவற்றையெல்லாம் கேட்டு, புதிய ஊடகங்கள் ஸ்தாபனங்களை உண்மை பேசச் செய்துவிட்டன என மகிழ்வோர் உளர். அவ்வளவு விரைவில் மகிழவேண்டாம் என்பேன். சுவர் இடிந்த இடத்தில் திரை கட்டுவோரும் வந்துவிட்டனர். 2006-ம் ஆண்டில், வால்மார்ட் கடைகளின் வாகன நிறுத்துமிடங்களில் இரவைக் கழித்துக்கொண்டு அமெரிக்காவில் பிரயாணம் செய்த ஓர் ஆணும் பெண்ணும், அக்கடைகளின் ஊழியர்கள் எவ்வளவு திருப்தியுடன் வாழ்கின்றனர் என்று இணையத்தில் நாட்குறிப்பு எழுதிவந்தனர். பிரயாணச் செலவைக் கொடுத்தது வால்மார்ட்டுக்காக எடெல்மன் என்னும் மக்கள் தொடர்புக் கம்பெனி அமைத்த ஒரு சங்கம் என்பது பின்னர் வெளிப்பட்டது. எடெல்மன் கம்பெனியின் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். லண்டனிலிருந்த பெல் பாட்டிங்கர் கம்பெனியின் செயல் இதனினும் கொடிது. தென்னாப்பிரிக்காவில் குப்தா குடும்பத்தாரின் கம்பெனிக்காக அது நடத்திய பிரசாரம் இனத்துவேஷத்தைத் தூண்டத்தக்கது என்று கண்டு, பிரிட்டனிலுள்ள தொழிற்சங்கம் 2017-ம் ஆண்டு செப்டம்பரில் அதனை விலக்கியது. அம்மாதத்திலேயே கம்பெனி சரிந்தது. குடும்பமொன்றின் மீதெழுந்த குற்றச்சாட்டை மறைப்பதற்கு, ஒரு தேசத்தின் ஆறாத புண்ணைக் கிளறிய செயல் அது.

தொழிலின் பிதாவான ஐவி லீயே இதற்கு விலக்கல்லர். 1914-ம் ஆண்டு கொலராடோவில் லட்லோ என்னுமிடத்தில், வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளரின் கூடாரங்கள் எரிக்கப்பட்டுப் பெண்டிரும் குழந்தைகளும் இறந்தபின், ராக்பெல்லர் குடும்பத்தாருக்காக அவர் வெளியிட்ட துண்டுப் பிரசுரங்களில் உண்மைக்கு மாறானவை இருந்தன. ஐவி என்பது ஒரு கொடியின் பெயராதலால், அப்டன் ஸின்க்ளேர் அவருக்கு நச்சுக்கொடி என்று பட்டம் சூட்டினார். தனி ரயில் விட்டவரும் அவரே, பொய்ப் பிரசுரம் விட்டவரும் அவரே. வேறுபாடு ஒன்றுண்டு. லட்லோப் பிரசுரங்களைக் கையில் வாங்கியவருக்கு அவை முதலாளிகள் பக்கத்திலிருந்து வந்தவை என்று தெரியும். இந்நாளில் அடுத்த வீட்டுப் பெண் போலப் பேசி ஒரு முகப்பூச்சைப் புகழ்பவர் காசு வாங்கிப் பேசுகின்றாரா, மனமுவந்து பேசுகின்றாரா என்று அறிவது அரிது. இந்திய விளம்பரத் தரக் குழு 2021-ம் ஆண்டில், காசு பெற்றுப் புகழ்வோர் அஃது விளம்பரம் என்பதைத் தெளிவாகக் குறிக்கவேண்டும் என்று விதி வகுத்தது. விதி நல்லது. அது கைக்கொள்ளப்படுகின்றதா என்பதை இதனை வாசிக்கும் மாணவர் தம் கைப்பேசியிலேயே சோதித்துக்கொள்ளலாம்.

விரைவையே தெய்வமாகக் கொண்டாடுவோருக்கும் ஒரு வார்த்தை. 2015-ம் ஆண்டில் மாகி நூடில்ஸில் ஈயம் அளவுக்கு மிஞ்சியுள்ளது என்று செய்தி பரவியபோது, நெஸ்லே இந்தியாக் கம்பெனி தொடக்கத்தில் அதிகம் பேசாது தன் பரிசோதனைகளை நம்பியிருந்தது. ஜூன் 5-ம் தேதி உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை விதித்தது. ஆகஸ்டு 13-ம் தேதி பம்பாய் உயர்நீதிமன்றம், கம்பெனிக்குத் தன் பக்கத்தைக் கூறத் தக்க வாய்ப்பு அளிக்கப்படவில்லை என்றும், சோதனைச்சாலைகள் உரிய அங்கீகாரம் உடையவை அல்ல என்றும் கண்டு தடையை நீக்கியது. நவம்பரில் பண்டம் மீண்டும் கடைக்கு வந்தது. கம்பெனி மௌனமாயிருந்தது தவறு என்று விமரிசகர் பலர் எழுதினர். மெய்தான். ஆனால் சோதனை முடிவு வருமுன் என்ன கூறுவது? விசாரித்துக் கொண்டிருக்கின்றோம், அறிந்தது இவ்வளவு, எஞ்சியதை இன்ன நாளிற் கூறுவோம் என்று சொல்வதற்கும் ஒரு தைரியம் வேண்டும். அத்தைரியத்தை உத்தியோகஸ்தருக்கு எஜமானர் கொடுத்திருக்கவேண்டும்.

இதனாலேதான், முடிவுகள் செய்யப்படும் அறையில் அவருக்கு ஓர் நாற்காலி வேண்டும் என்கின்றேன். இப்பொழுது பெரும்பாலான இடங்களில் நிகழ்வது வேறு. முடிவு மாடியில் ஆகின்றது. அதனை அழகுபடுத்தும் வேலை கீழ்த்தளத்தில், இருபத்திரண்டு வயது நிரம்பிய ஓர் இளைஞனிடம் வருகின்றது. அவன் பட்டம் பெற்றவன், தமிழும் ஆங்கிலமும் பிழையின்றி எழுதவல்லவன். நூறு பேர் ஏசுகின்ற பக்கத்தில், உங்கள் கருத்துக்கு நன்றி, உரிய அதிகாரிக்குத் தெரிவித்துள்ளோம் என்று நூறு முறை எழுதுகின்றான். உரிய அதிகாரி யார் என்று அவனுக்கே தெரியாது. இதற்கு மனிதன் வேண்டுவதில்லை, யந்திரமே எழுதிவிடும், எழுதத் தொடங்கியும்விட்டது. நம் கல்வி ஸ்தாபனங்களையும் இங்கே விட்டுவிடுவதற்கில்லை. கல்லூரிகளின் பக்கங்களை விரித்துப் பார்த்தால், பொன்னாடை போர்த்தும் படமும் ரிப்பன் வெட்டும் படமும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. விடுதியில் தண்ணீர் வரவில்லை என்று அதே படத்தின் கீழே ஒரு மாணவன் எழுதியிருப்பான். பொன்னாடையைப் பதிவிட்டவருக்குக் குழாயைத் திருத்தும் அதிகாரம் இல்லை.

கேட்கவும், கேட்டதை நிறைவேற்றவும் அதிகாரம் சேர்ந்திருந்தால் எவ்வளவு ஆகும் என்பதையும் நம் நாட்டில் கண்டிருக்கின்றோம். ஸுரேஷ் பிரபு அவர்கள் ரயில்வே மந்திரியாயிருந்த 2014-ம் ஆண்டு முதல் 2017-ம் ஆண்டு வரையிலான காலத்தில், ஓடுகின்ற வண்டியிலிருந்து பிரயாணிகள் ட்விட்டரில் எழுதிய வேண்டுகோள்களுக்கு, அடுத்து வரும் ஸ்டேஷனிலேயே குழந்தைக்குப் பாலும் நோயாளிக்கு மருத்துவ உதவியும் வந்து சேர்ந்ததைப் பத்திரிகைகள் வியந்து எழுதின. டில்லியில் ஒருவர் படித்ததும், வழியிலுள்ள ஸ்டேஷன் அதிகாரிக்கு உத்தரவு போயிற்று. எழுதுபவரும் செய்பவரும் ஒரே கயிற்றால் இணைக்கப்பட்டிருந்தனர். அது மெச்சத்தக்கதே. எனினும் அவ்வாறு எழுதக் கூடியவர் யார்? கையில் நல்ல கைப்பேசியும், அதிலே இணையமும், உரியவர் காணும்படி எழுதும் பயிற்சியும் உடையவர். முன்பதிவு செய்யாத பெட்டியில், கழிப்பறைக் கதவோரம் குந்தியிருக்கும் கூலித் தொழிலாளி எழுதினார் என்று நான் அறிந்த செய்தி ஏதும் சொல்லவில்லை.

நம் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் திங்கட்கிழமைதோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடைபெறுகின்றது. காலை முதலே வரிசை நிற்கும். முதியோர் உதவித்தொகை நின்றுபோன கிழவி, பட்டா மாறாத உழவர், காதுகேளாத மகனுக்கு ஏதேனும் வழி கேட்க வந்த தாய் ஆகியோர் வாசலில் ஒருவரிடம் காசு கொடுத்து மனு எழுதி வாங்கிக்கொண்டு நிற்பர். அவர் மனுவை எவரும் படம்பிடித்துப் பகிர்வதில்லை. இத்தனை பேர் பார்த்தனர், இத்தனை பேர் விரும்பினர், இத்தனை பேருக்கு மறுமொழி கொடுத்தோம் என்று ஸ்தாபனங்கள் மாதந்தோறும் தயாரிக்கும் கணக்கில் அவருக்கென ஒரு கட்டம் இல்லை. ஒரு நீலக் குறிக்காரரின் கோபத்துக்கு அரை மணியில் மறுமொழி கிடைக்கும் அதே நாளில், அவர் ஒரு ரசீதைப் பெற்றுக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்குச் செல்கின்றார். செய்தி மக்கள் தொடர்பு அலுவலரின் அறையும் பெரும்பாலும் அந்த வளாகத்திலேயே இருக்கின்றது. வரிசை நிற்கும் தாழ்வாரத்திலிருந்து சில அடி தூரம்.